எண்பதுக்கு முன்னால்



போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம். இதழை அச்சுக்கு அனுப்பிவிட்டுத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு அக்கா மெல்ல மெல்லப் படியேறி வந்தார். கையில் ஒரு துணிக்கடைப் பை, அதற்குள் இருபது வருடக் கடிதங்கள். கதிரையில் இருந்து மூச்சு வாங்கி முடியும் முன்பே கேட்டார்: "தம்பி, 77 வருசம் எண்டது குறைவோ?"

ஹரோ பக்கத்தில் இரண்டு அறைப் பிளாட். 2004இல் கட்டடம் புதிதாக எழும்பியபோதே கணவரும் அவருமாக வாங்கியது. கணவர் காலமாகி நாலு வருடம். இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை, முழங்கால் விடுகிறதில்லை. மில்டன் கீன்ஸில் இருக்கும் மகளுக்குக் கிட்டப் போய்விடலாம் என்று வீட்டை விற்பனைக்குப் போட்டார். இளம் தம்பதி ஒன்று வந்து பார்த்து, மனம் பிடித்து, கேட்ட விலைக்குச் சம்மதித்தும் விட்டது. ஆறு கிழமை கழித்து அவர்களுடைய சொலிசிட்டரிடமிருந்து கடிதம் வந்தது. லீஸில் 77 ஆண்டும் சில மாதமும்தான் மிச்சம், கடன் கொடுக்கும் வங்கி யோசிக்கிறது, லீஸை நீட்டித் தருவீர்களா அல்லது விலையைக் குறைப்பீர்களா என்று.

"77 வருசம் நான் இருக்கப் போறனோ? அந்தப் பிள்ளையள்தான் இருக்கப் போகுதுகளோ? பேந்து என்னத்துக்கு இந்தக் கதை?" என்றார். விலையைக் குறைக்கத்தான் ஏதோ சூழ்ச்சி செய்கிறார்கள் என்ற சந்தேகம் அவர் குரலில் தெரிந்தது.

இதே கேள்வியை 2006இல் நான் கேட்டிருக்கிறேன். அதனால்தான் இம்மாத ஆசிரியர் பக்கத்தை இதற்கே ஒதுக்குகிறேன். வழக்கமாக இங்கே பேசும் நூல்களும் நாடகங்களும் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளட்டும்.

1995இல் நானும் மனைவியும் ஈஸ்ட்ஹாமில் எங்கள் முதல் வீட்டை வாங்கினோம். வரிசை வீடொன்றை மேலும் கீழுமாகப் பிரித்து இரண்டு பிளாட் ஆக்கியிருந்தார்கள். மேல்மாடி எங்களுடையது. 1984 மார்ச் 25ஆம் திகதியிலிருந்து 99 ஆண்டு லீஸ். நாங்கள் வாங்கும்போது 88 ஆண்டு மிச்சம் இருந்தது. "பிரச்சினை இல்லை" என்றார் எங்கள் சொலிசிட்டர். அன்றைய நாளுக்கு அது சரியான பதில்தான். என்றைக்குப் பிரச்சினையாகும் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டாவது பிள்ளை பிறந்து, இடம் காணாமல் போய், 2006இல் விற்கப் போனபோது 76 ஆண்டு சொச்சம்தான் கையில் இருந்தது. வாங்க வந்தவருடைய வங்கி பின்வாங்கியது. அவர் போனார். அவர் போனதால் நாங்கள் இல்ஃபர்டில் பேசி வைத்திருந்த வீடும் கைநழுவியது. 2003 மார்ச்சில் எங்கள் லீஸ் 80 ஆண்டுக் கோட்டைத் தாண்டியிருந்தது. அந்த மாதம் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்றுகூட எனக்கு ஞாபகமில்லை. அன்றைக்கு ஒருவர் தோளில் தட்டிச் சொல்லியிருந்தால் எத்தனை ஆயிரம் பவுண் மிஞ்சியிருக்கும் என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஊரில் காணி என்றால் நமக்கு எல்லாம் தெரியும். எத்தனை பரப்பு, வடக்கெல்லையில் யாருடைய வேலி, உறுதி எந்த நொத்தாரிசு முடித்தது, கிணற்றில் யார் யாருக்குப் பங்கு என்று எங்கள் அம்மாமார் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஒற்றி என்றால் என்ன, குத்தகை என்றால் என்ன என்பதும் விளங்கும். அப்படிப்பட்ட நாம்தான் இந்த நாட்டில் வாழ்நாள் உழைப்பைக் கொட்டி வாங்கிய பிளாட்டின் லீஸில் எத்தனை ஆண்டு மிச்சம் என்று கேட்டால் விழிக்கிறோம். நம்முடைய அக்கறையில் குறை ஒன்றும் இல்லை. 'வீடு வாங்கியாச்சு' என்ற சொல்லுக்கு ஊரில் இருந்த பொருள் இங்கே பிளாட்டுக்குப் பொருந்தாது என்பதை யாரும் நமக்கு இருத்தி வைத்துச் சொல்லவில்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிளாட்டுகளில் மிகப் பெரும்பாலானவை லீஸ்ஹோல்ட். நிலமும் கட்டடமும் ஃப்ரீஹோல்டருக்குச் சொந்தம். நமக்கு அதில் ஒரு பகுதியை இத்தனை ஆண்டு வைத்திருக்கும் உரிமை, அதாவது மிக நீண்ட குத்தகை. அந்தக் காலம் முடிந்தால் சட்டப்படி வீடு ஃப்ரீஹோல்டருக்கே திரும்பும். மேஃபெயரையும் பெல்கிரேவியாவையும் வைத்திருக்கும் குரோவ்னர் குடும்பத்துக்கு அந்த நிலம் 1677இல் ஒரு கல்யாணத்தோடு வந்து சேர்ந்தது. வீடு கட்ட இடம் கொடுப்பார்கள், நிலத்தைக் கொடுக்க மாட்டார்கள். லண்டனின் பெரும் பகுதி அப்படித்தான் வளர்ந்தது. ஸ்கொட்லாந்தில் இந்தத் தலையிடி இல்லை. அங்கே பிளாட்டும் முழு உரிமையாகவே கைக்கு வரும்.

அக்காவின் கேள்விக்கு வருவோம். 77 ஆண்டு ஒரு மனித வாழ்க்கைக்குப் போதும்தான். ஆனால் வீட்டை வாங்குபவருடைய வங்கி 30 ஆண்டுக்குக் கடன் கொடுக்கிறது. கடன் முடியும்போது 47 ஆண்டுதான் மிச்சம் இருக்கும். நடுவில் கடன் நின்றுபோய் வங்கி அந்த வீட்டை விற்க வேண்டி வந்தால் யார் வாங்குவார்? வங்கி நினைப்பது அடுத்தவரையும் அதற்கு அடுத்தவரையும். எத்தனை ஆண்டு இருந்தால் கடன் கொடுப்பது என்று ஒவ்வொரு வங்கிக்கும் ஒவ்வொரு அளவு. 80க்குக் கீழே இறங்கினால் வாங்குபவருடைய சொலிசிட்டர் கேள்வி கேட்கத் தொடங்குவார், 70ஐ நெருங்கினால் சில வங்கிகள் கதவைச் சாத்தும், 60க்குக் கீழே முழுக் காசையும் கையில் வைத்திருப்பவரைத்தான் தேட வேண்டி வரும்.

இந்த 80 என்ற எண் சட்டத்திலேயே இருக்கிறது. பிளாட் வைத்திருப்பவர் ஃப்ரீஹோல்டர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் லீஸை நீட்டிக் கேட்கலாம் என்ற உரிமையைத் தந்தது 1993ஆம் ஆண்டுச் சட்டம். மிச்சமிருக்கும் காலத்தோடு 90 ஆண்டு சேரும். கிரவுண்ட் ரென்ட் என்ற நில வாடகை இல்லாமல் போகும். அதற்கு ஒரு தொகை கட்ட வேண்டும். 2002ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தொகையில் ஒரு கோடு கிழித்தது. லீஸில் 80 ஆண்டுக்கு மேல் மிச்சம் இருக்கையில் கேட்டால் 'மேரேஜ் வால்யூ' என்ற பகுதியைக் கட்டத் தேவையில்லை. சரியாக 80ஆகவோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் அதில் பாதியைக் கட்ட வேண்டும்.

மேரேஜ் வால்யூ என்ற பெயரைக் கேட்டுவிட்டு அக்கா "இதிலயும் சீதனமோ?" என்றார். இதை ஒரு கணக்காகப் போட்டுக் காட்டினால்தான் விளங்கும். அக்காவின் சொந்தக் கணக்கு வேண்டாம், நாமே ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். நீண்ட லீஸோடு விற்றால் 300,000 பவுண் போகக்கூடிய பிளாட். கிரவுண்ட் ரென்ட் ஆண்டுக்கு 100 பவுண், ஏற்றம் இல்லை. மிச்சம் 81 ஆண்டு. 81 ஆண்டு கழித்து வீடு ஃப்ரீஹோல்டருக்குத் திரும்ப வேண்டும், அதை அவர் விட்டுக்கொடுக்கிறார். அத்தனை காலம் கழித்துக் கிடைக்கும் 300,000இன் இன்றைய பெறுமதி, ஆண்டுக்கு 5 வீதப்படி பார்த்தால், ஏறத்தாழ 5,800 பவுண். இந்த 5 வீதம் 2006இல் ஸ்போர்டெல்லி என்ற வழக்கில் நிலத் தீர்ப்பாயம் பிளாட்டுகளுக்கு வகுத்த அளவு, சர்வேயர்கள் இன்றைக்கும் அதையே எடுக்கிறார்கள். இனி அவர் இழக்கும் கிரவுண்ட் ரென்ட்டுக்கு ஈடு, 7 வீதமென்று வைத்தால் 1,400 பவுண். மொத்தம் 7,200 அளவில் முடிந்துவிடும்.

அதே வீட்டில் 78 ஆண்டு மிச்சம் என்று வையுங்கள். முதல் இரண்டு பகுதியும் சேர்ந்து 8,000 சொச்சம். இதுவரை பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இப்போது மூன்றாவது பகுதி வந்து சேருகிறது. குறைந்த லீஸோடு அந்த வீடு 276,000 போகும் என்று சர்வேயர் மதிப்பிடுகிறார் என்று எடுத்துக்கொள்வோம். லீஸை நீட்டினால் 300,000. கூடுகிற 24,000இல் ஃப்ரீஹோல்டர் இழக்கும் 8,000ஐக் கழித்தால் 16,000 மிஞ்சும். இரண்டு பேருடைய உரிமையும் சேர்ந்ததால் உண்டான பெறுமதி அது என்று சட்டம் கருதுகிறது, பெயரும் அதனால் வந்ததுதான். அதில் பாதி, 8,000, ஃப்ரீஹோல்டருக்கு. ஆக 16,000 பவுண். மூன்று ஆண்டு பேசாமல் இருந்ததற்கு விலை இரண்டு மடங்குக்கு மேல். இவற்றோடு உங்கள் சொலிசிட்டர், சர்வேயர் செலவு. அதோடு ஃப்ரீஹோல்டருடைய நியாயமான சட்டச் செலவும் மதிப்பீட்டுச் செலவும் இன்றைய சட்டப்படி உங்கள் தலையில்தான்.

276,000 என்று நான் எழுதிய அந்த எண்ணில்தான் சண்டையெல்லாம் நடக்கும். குறைந்த லீஸோடு வீடு எவ்வளவு போகும் என்பதை உங்கள் சர்வேயர் ஒன்று சொல்வார், அவர்களுடைய சர்வேயர் வேறொன்று சொல்வார். ஆகையால் சர்வேயருக்குக் கொடுக்கும் சில நூறு பவுணில் மிச்சம் பிடிக்காதீர்கள். வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர், மலிவாகச் செய்பவர் என்று பார்க்காமல், லீஸ் நீட்டிப்பு மதிப்பீட்டையே தொழிலாகச் செய்பவரைப் பிடியுங்கள். சொலிசிட்டரும் அப்படித்தான். வீடு விற்று வாங்குவதில் கெட்டிக்காரரான ஒருவர் இந்த வேலையில் கெட்டிக்காரராக இருக்க வேண்டும் என்றில்லை. எங்களுக்கு 2006இல் அமைந்தவர் ஒரு கடிதத்தின் கெடு திகதியை மறந்தார். இரண்டு நாள் இடைவெளியில் தப்பினோம்.

ஏனென்றால் இந்த வேலை முழுக்கத் திகதிகளில் ஓடுவது. 1993 சட்டத்தின் 42ஆம் பிரிவின் கீழ் ஃப்ரீஹோல்டருக்கு ஒரு நோட்டீஸ் அனுப்புவதில் தொடங்குகிறது. அதில் நீங்கள் கொடுக்கத் தயாரான தொகையை எழுத வேண்டும். ஒப்புக்கு ஒரு சிறு எண்ணை எழுதினால் நோட்டீஸே செல்லாமல் போகலாம். நோட்டீஸ் கொடுத்த அன்றைய நிலைமையை வைத்துத்தான் விலை கணக்கிடப்படும், பிறகு எத்தனை மாதம் இழுபட்டாலும் சரி. 80 ஆண்டும் ஒரு கிழமையும் மிச்சமிருக்கையில் நோட்டீஸ் போய்ச் சேர்ந்துவிட்டால் மேரேஜ் வால்யூ இல்லை. ஃப்ரீஹோல்டர் பதில் சொல்ல ஆகக் குறைந்தது இரண்டு மாதம் கொடுக்க வேண்டும். அவர் எழுதிய தொகை உங்களுக்குச் சரிவராவிட்டால், அந்தப் பதில் கிடைத்து இரண்டு மாதத்துக்குப் பிறகும் ஆறு மாதத்துக்கு முன்பும் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த ஆறு மாதம் தாண்டினால் நோட்டீஸ் செத்துப்போகும். மறுபடி கேட்பதற்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். 80க்கு மேலே இருந்தவர் அந்த ஒரு வருடத்தில் கீழே இறங்கிவிடுவார். தொடங்கிய பிறகு சொலிசிட்டருக்கு வாரம் ஒருமுறை போன் எடுங்கள். தொந்தரவு என்று நினைக்காதீர்கள்.

இதற்கு இன்னொரு பாதையும் உண்டு. ஃப்ரீஹோல்டரோடு நேரே பேசி, இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட தொகைக்கு நீட்டுவது. சில சமயம் விரைவாக முடியும். ஆனால் அவர்கள் அனுப்பும் கடிதத்தின் முதல் வரியில் இருக்கும் தொகையைப் பார்த்து மகிழ வேண்டாம். 90 ஆண்டு சேர்ப்பதற்குப் பதில் மொத்தத்தை 99 ஆண்டு ஆக்கித் தருகிறோம் என்பார்கள். 77இல் இருப்பவருக்கு அது 22 ஆண்டுதான். இன்னும் ஒரு தலைமுறையில் உங்கள் பிள்ளை இதே பையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். கிரவுண்ட் ரென்ட் விஷயத்தில் முன்பு இருந்த அநியாயம் 2022 ஜூன் 30க்குப் பிறகு குறைந்திருக்கிறது. அன்றைக்கு நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, இப்படிப் பேசி நீட்டினாலும் கூட்டுகிற காலத்துக்குக் கிரவுண்ட் ரென்ட் கேட்க முடியாது. ஆனால் பழைய காலம் முடியும் வரைக்கும் பழைய வாடகை தொடரலாம். பத்து வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் வாடகை உள்ள லீஸ் என்றால் அந்தத் தொடர்ச்சியே வீட்டை விற்க முடியாமல் செய்துவிடும். காலம் இருப்பவர்களுக்கு நோட்டீஸ் வழியைத்தான் நான் சொல்வேன்.

அக்காவுக்குக் காலம் இல்லை, வாங்குபவர்கள் காத்திருக்கிறார்கள். அவரைப் போன்றவர்களுக்கு என்ன வழி? விற்கும் நேரத்தில் லீஸ் குறைவு என்று தெரிந்தால் வீட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. விற்பவர் நோட்டீஸைக் கொடுத்து, விற்கிற அன்றே அந்த நோட்டீஸின் உரிமையையும் வீட்டோடு சேர்த்து வாங்குபவருக்கு எழுதிக் கொடுக்கலாம். மிச்சப் பேச்சுவார்த்தையை வாங்குபவர் தொடர்வார், தொகையையும் அவரே கட்டுவார். அதற்கேற்ப விலையைப் பேசிக்கொள்வார்கள். வீடு ஒரு நாளும் நோட்டீஸ் வேறொரு நாளும் கைமாறினால் நோட்டீஸ் இறந்துவிடும், ஆகவே ஒப்பந்தத்திலேயே இது எழுதப்பட வேண்டும். அல்லது, ஃப்ரீஹோல்டர் இணங்கினால், லீஸ் நீட்டிப்பையும் விற்பனையையும் ஒரே நாளில் முடித்து, விற்ற காசிலிருந்தே தொகையைக் கொடுத்துவிடலாம். கையில் காசில்லாதவர்களுக்கு இது நல்ல வழி.

வாங்குபவர்களுக்கும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. முன்பெல்லாம் வீட்டை வாங்கி இரண்டு ஆண்டு கழிந்தால்தான் லீஸை நீட்டிக் கேட்கலாம். 79இல் வாங்கினால் 77 ஆகும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அந்த விதி 2025 ஜனவரி 31ஆம் திகதியோடு ஒழிந்தது. இப்போது உரிமையாளராகப் பதிவான உடனேயே கேட்கலாம். ஆனால் நிலப் பதிவகத்தில் பெயர் ஏறுவதற்குச் சில வேளை மாதக்கணக்கில் எடுக்கும். 80 ஆண்டும் மூன்று மாதமும் மிச்சமுள்ள பிளாட்டை வாங்கப் போகிற பிள்ளைகள் அந்த வரிசையில் நின்றே கோட்டைத் தாண்டிவிடலாம். அதனால் விற்பவரே முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். விற்பவர் நம்மவர், தெரிந்த குடும்பம் என்றால் இன்னும் தெளிவாகக் கேளுங்கள். பிறகு வரும் மனக்கசப்பு அந்த முகத்துக்கு முகம் பார்க்கும் உறவைத்தான் கெடுக்கும்.

எல்லாவற்றுக்கும் முதல் உங்கள் லீஸில் எத்தனை ஆண்டு என்று பாருங்கள். நிலப் பதிவகத்தின் இணையத்தளத்தில் 7 பவுண் கட்டினால் உங்கள் பதிவின் பிரதி கிடைக்கும். அதில் லீஸ் எழுதிய திகதி ஒன்றும், காலம் தொடங்கும் திகதி இன்னொன்றும் இருக்கலாம். எண்ண வேண்டியது இரண்டாவதை. மார்ச் 25, ஜூன் 24, செப்டம்பர் 29, டிசம்பர் 25 என்ற நாட்களில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அந்தக் காலத்தில் இந்த நாட்டில் வாடகை கொடுக்கும் தவணை நாட்கள் அவை. அக்காவின் லீஸ் 2004 ஜூன் 24இல் தொடங்கியது. பிரதியை எடுத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. காலமான கணவரின் பெயர் இன்னும் பதிவில் இருந்தது. இருவரும் கூட்டாக வாங்கிய வீடு என்பதால் மரணச் சான்றிதழை அனுப்பிப் பெயரை எடுப்பது சிறிய வேலைதான், கட்டணமும் இல்லை. ஆனால் விற்பனை நடுவில் அவசரத்தில் அதைச் செய்வது மனத்துக்குச் சிறிய வேலை அல்ல. அந்தத் தாளை அக்கா கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

இரண்டு வகை வாசகர்களிடம் தனியே ஒரு வார்த்தை. 1980ஆம் ஆண்டு வீட்டுச் சட்டத்துக்குப் பிறகு குடியிருந்த கவுன்சில் பிளாட்டையே விலைக்கு வாங்கியவர்கள் நம்மிலும் பலர். 125 ஆண்டு என்று கேட்டபோது முடிவே இல்லாத காலம் போலத் தோன்றியது. எண்பதுகளின் நடுவில் தொடங்கிய அந்த 125இல் நாற்பது கழிந்துவிட்டது, கோடு இப்போது கிட்ட வருகிறது. பல கட்டடங்களில் முதல் பிளாட் விற்ற நாளிலிருந்தே எல்லாருக்கும் காலத்தை எண்ணியிருப்பார்கள். நீங்கள் 1999இல் வாங்கியிருந்தாலும் உங்கள் லீஸ் 1983இல் தொடங்கியதாக இருக்கலாம். தயவுசெய்து இந்த வாரமே பாருங்கள். மற்றவர்கள், 'ஷேர் ஆஃப் ஃப்ரீஹோல்ட்' என்று நிம்மதியாக இருப்பவர்கள். நிலத்தில் பங்கு இருந்தாலும் உங்கள் பிளாட்டுக்கு லீஸ் லீஸ்தான், அது தன்பாட்டில் தேய்ந்துகொண்டே இருக்கும். மேல்வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை நன்றாக இருக்கிற காலத்திலேயே எல்லாருமாகக் கையெழுத்திட்டு 999 ஆண்டுக்கு நீட்டிக்கொள்ளுங்கள். சட்டச் செலவு மட்டும்தான்.

சட்டம் மாறப்போகிறது, பொறுத்திருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். 2024 மே மாதம் நிறைவேறிய சட்டத்தில் மேரேஜ் வால்யூவை ஒழிப்பதும், 90க்குப் பதில் 990 ஆண்டு சேர்ப்பதும் இருப்பது உண்மை. அதை எதிர்த்து ஃப்ரீஹோல்டர்கள் போட்ட வழக்கை 2025 அக்டோபரில் லண்டன் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்ததும் உண்மை. ஆனால் அந்தப் பிரிவுகள் இதை எழுதும் நாள் வரை நடைமுறைக்கு வரவில்லை. ஏட்டில் இருக்கும் சட்டத்தை நம்பி வீடு விற்க முடியாது. ஏற்கெனவே 80க்குக் கீழே இறங்கிவிட்டவர், விற்கும் எண்ணமும் இல்லை என்றால், ஆலோசனை கேட்டுவிட்டுப் பொறுத்துப் பார்க்கலாம். 81இலும் 82இலும் நிற்பவர்களைப் பொறுத்திருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விற்கப் போகிறவர்களுக்கு அந்தக் கேள்வியே இல்லை. முடிவெடுக்கும் முன் அரசு உதவியோடு இயங்கும் லீஸ்ஹோல்ட் ஆலோசனைச் சேவையில் இலவசமாகக் கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவையும் அக்காவிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. இரண்டு நாள் வந்தார். இரண்டாம் நாள் மகளும் கூட வந்து, எழுதி எடுத்துக்கொண்டு போனார். லீஸ் வேலையையே தொழிலாகச் செய்யும் ஒரு சொலிசிட்டரைத் தேடிப் பிடித்தார்கள். வாங்க வந்த தம்பதியோடு நேரே இருந்து பேசினார்கள். அந்தப் பிள்ளைகளுடைய வங்கி, நோட்டீஸ் கைமாறினால் போதும் என்று ஒத்துக்கொண்டது. விலையில் கொஞ்சம் அக்கா இறங்கினார், கொஞ்சம் அவர்கள் ஏறினார்கள். நோட்டீஸ் போயிருக்கிறது. சூழ்ச்சி என்று நினைத்தவர் இப்போது அந்தப் பெண் பிள்ளையை "என்ரை மகள் மாதிரி" என்கிறார்.

போன கிழமை போன் எடுத்தபோது ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். புது லீஸில் வாடகை என்னவென்று எழுதுவார்கள்? ஒரு மிளகு என்று எழுதுவார்கள் என்றேன். நம்பவில்லை. உண்மையாகவே அப்படித்தான். வாடகை ஒன்றும் இல்லை என்பதை இந்த நாட்டுச் சட்டம் 'ஒரு மிளகு' என்றே சொல்கிறது. பெர்முடாவில் செயின்ட் ஜோர்ஜ் நகரத்துப் பழைய அரச கட்டடத்துக்கு அங்குள்ள மேசன் சங்கத்தார் இன்றும் ஆண்டுதோறும் ஒரு மிளகை வெள்ளித் தட்டில் வைத்து வாடகையாகக் கொடுக்கிறார்கள். முசிறித் துறையில் யவனர் கப்பல்கள் பொன்னை இறக்கிவிட்டு ஏற்றிக்கொண்டு போன அதே மிளகு, சங்கப் புலவர்கள் கறி என்று அழைத்த அதே மிளகு, இங்கே ஒன்றுமில்லாததற்கு அடையாளமாகி லீஸ் பத்திரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதையும் யாரும் வந்து கேட்கப் போவதில்லை என்று சொன்னேன்.

அக்கா கொஞ்சம் யோசித்தார்.

"கேட்டால்? அதுகள் சின்னப் பிள்ளையள் தம்பி, வீட்டில மிளகு வைச்சிருக்குதுகளோ தெரியாது. நான் சாவி குடுக்கேக்க ஒரு போத்தல் மிளகும் சேர்த்துக் குடுத்து விடுறன். 167 வருசத்துக்கும் காணும்."

அன்புடன்,
ஆசிரியர்